ஓர் ஆட்டக்காரர், ஆண்டுக்கு ஒன்பது கார்டு: இச்சிரோ சேகரிப்பில் நான் கற்றவை

ஜப்பானிய பேஸ்பால் ஆட்டக்காரர் இச்சிரோவின் படம் அச்சிட்ட சேகரிப்புக் கார்டுகளில், என்னிடம் இருக்கும் முதலாவதன் கீழ் இடது மூலையில் வெள்ளையாக ஒரு புள்ளி உண்டு. 2001ஆம் ஆண்டு டாப்ஸ் என்ற அமெரிக்கக் கார்டு நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் 726ஆம் எண் கார்டு அது. அந்த ஆண்டு டாப்ஸ் தன் கார்டுகளுக்குக் கரும்பச்சை விளிம்பு வைத்திருந்ததால், மூலையில் நகம் பட்டால்கூட உள்ளேயிருக்கும் வெள்ளைக் காகிதம் வெளியே தெரிந்துவிடும். நானோ அந்தக் கார்டைப் பணப்பையில், கடன் அட்டைகளுக்கு நடுவே செருகி, மூன்று மாதம் எடுத்துக்கொண்டு திரிந்தேன். அன்று எனக்குக் கார்டு சேகரிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அந்த முகம் என்னுடன் இருக்க வேண்டும் என்பது மட்டுமே தெரியும்.

மென்பொருள் வேலைக்காக அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் சியாட்டிலை அடுத்த ரெட்மண்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். ஜூன் மாதத்தில் ஒரு நாள் அலுவலக நண்பர் என்னைச் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் மைதானமான சேஃப்கோ ஃபீல்டுக்கு அழைத்துப் போனார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்பாலில் எல்லோரும் சிக்ஸருக்கு மட்டுமே ஆடுவதுபோலத் தோன்றிய நேரத்தில், மெலிந்த உடம்போடு ஒருவர் வந்து நின்றார். வலது கையில் மட்டையைச் செங்குத்தாகப் பந்துவீச்சாளரை நோக்கி நீட்டி, இடது கையால் வலது தோள் சட்டையை லேசாக இழுத்துவிட்டுக்கொண்டார். பந்து மட்டையில் பட்டபோது அவருடைய உடல் ஏற்கனவே முதல் பேஸை, அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதை, நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. தரையோடு உருண்ட பந்தை ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பாட்டக்காரர் எடுத்து எறிவதற்குள் அவர் பேஸைக் கடந்துவிட்டார். தட்டிவிட்டு ஒரு ரன் ஓடும் கலையை இந்த ஆட்டத்திலும் ஒருவர் இவ்வளவு அழகாகச் செய்கிறாரே என்று நான் எழுந்து நின்றது நினைவிருக்கிறது. ஜப்பானின் ஒரிக்ஸ் புளூவேவ் அணியிலிருந்து வந்த இச்சிரோ சுசுகிக்கு அமெரிக்க மேஜர் லீக்கில் அது முதல் ஆண்டு. 242 ஹிட் (பந்தை அடித்து ஆட்டமிழக்காமல் பேஸை அடைவது), .350 சராசரி, 56 பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) என்று முடித்து, சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற இரு விருதுகளையும் ஒரே ஆண்டில் பெற்றார். மரைனர்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்றது.

முதல் நான்கு ஆண்டுகள் கண்ணில் பட்ட இச்சிரோ கார்டை எல்லாம் வாங்கினேன். இந்தத் தவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே ஆட்டக்காரரைச் சேகரிக்கத் தொடங்குகிற பெரும்பாலோர் இதில்தான் விழுகிறார்கள். ஒருவருடைய கார்டுகள்தானே, எத்தனை இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் 2001இல் டாப்ஸ், அப்பர் டெக், ஃப்ளீர், டான்ரஸ் என்று பல நிறுவனங்கள் உரிமம் பெற்று அச்சடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பல தொகுப்புகள் வெளியிட்டது. ஒரு தொகுப்பில் அடிப்படைக் கார்டு ஒன்று இருக்கும்; அதே படம் வேறு நிற விளிம்போடு, பின்புறம் வரிசை எண் அச்சிட்டு, 'பாரலல்' என்ற பெயரில் மீண்டும் வரும்; 'இன்செர்ட்' என்று தனி வடிவமைப்பில் சில வரும்; சட்டைத் துண்டு பதித்தது, கையெழுத்திட்டது என்று இன்னும் சில. ஒரே ஒருவருடைய கார்டுகள் ஆயிரக்கணக்கில் பெருகுவது இப்படித்தான். சில வகைகளில் ஒரே ஒரு கார்டுதான் அச்சிடப்படும் என்பதால், எல்லாவற்றையும் சேர்த்து முடிப்பது என்பது யாருக்கும் இயலாத காரியம்.

2005ஆம் ஆண்டு வாக்கில் என்னிடம் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு கார்டுகள் இருந்தன. அவற்றில் பாதிக்குப் பாதி ஏற்கனவே என்னிடம் இருந்த கார்டுகளின் பிரதிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தபோது என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பத்தை எடுங்க, பாக்கலாம்” என்றார். ஒரு மணி நேரம் தேடியும் என்னால் ஆறுக்கு மேல் எடுக்க முடியவில்லை. மற்றவை எல்லாம் கையில் கிடைத்ததால் சேர்ந்தவை.

அன்று வகுத்த விதியைத்தான் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். கார்டு வைக்கும் பிளாஸ்டிக் தாள்களில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பைகள் இருக்கும். ஓர் ஆட்ட ஆண்டுக்கு ஒரு தாள், ஒன்பது கார்டு, அதற்கு மேல் கிடையாது. பத்தாவதாக ஒன்று வேண்டுமென்றால் இருக்கும் ஒன்பதில் ஒன்று வெளியேற வேண்டும். 2001 முதல் 2019 வரை அமெரிக்காவில் 19 ஆண்டுகள்; ஜப்பானில் அவருக்குக் கார்டு வரத் தொடங்கிய 1993 முதல் 2000 வரை 8 ஆண்டுகள். ஆக மொத்தம் 27 தாள்கள், 243 கார்டுகள். எந்த எண்ணை வைத்துக்கொண்டாலும் சரி, அதை முதலிலேயே முடிவு செய்வது நல்லது என்பேன். அந்த எல்லை வந்த பிறகுதான் நான் ஒவ்வொரு கார்டையும் உண்மையாகவே பார்க்கத் தொடங்கினேன். ஏனெனில், ஒன்றை வெளியேற்றுவதற்கு முன் அதன் இருபுறத்தையும் படித்தாக வேண்டியிருந்தது.

தாளை நிரப்பும்போது அந்த ஆண்டில் அவர் செய்தது தெரியும்படி நிரப்புகிறேன். 2004இல் ஜார்ஜ் சிஸ்லர் 1920இல் நிறுவியிருந்த, ஒரே ஆட்ட ஆண்டில் 257 ஹிட் என்ற சாதனையைக் கடந்து 262இல் முடித்தார். அந்தத் தாளின் நடுப் பையில் சாதனையைக் குறிக்கும் கார்டு இருக்கிறது, சுற்றிலும் அந்த ஆண்டின் சாதாரணக் கார்டுகள். 2007 தாளில், இரு லீக்குகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு முதலிடம் கொடுத்தேன். மைதானத்துக்குள்ளேயே பந்து கிடக்க நான்கு பேஸையும் அவர் ஓடி முடித்த ஹோம் ரன் ஆல்ஸ்டார் வரலாற்றில் அதுதான் முதல். 2012 தாளைப் பார்க்கும்போது இன்றும் நெஞ்சில் ஏதோ அடைக்கும். அந்த ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அணி சியாட்டிலுக்கு ஆட வந்திருந்தபோதே அவர் அந்த அணிக்கு மாற்றப்பட்டார். அன்று மாலை அதே மைதானத்தில் எதிரணிச் சட்டையில், 31 என்ற எண்ணோடு வந்து, கூட்டத்தை நோக்கித் தலைக்கவசத்தைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். அந்தத் தாளில் மேல் வரிசை மரைனர்ஸ், கீழ் வரிசை யாங்கீஸ். நடு வரிசையை நிரப்ப எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

எப்படி வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. உள்ளே எந்தக் கார்டுகள் என்று தெரியாத மூடிய பாக்கெட்டைப் பிரிப்பது மகிழ்ச்சி தரும். அதற்காக எப்போதாவது பிரிக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரரைச் சேகரிப்பவர் பாக்கெட் வாங்கிச் சேகரிப்பை வளர்க்க முடியாது, தனிக் கார்டாக வாங்குவதே வழி. நான் ஒருமுறை ஒரு பெட்டி முழுவதும் பிரித்தும் ஓர் இச்சிரோ வரவில்லை. அந்தப் பணத்துக்கு அந்த ஆண்டின் ஒன்பது கார்டுகளையும் தனித்தனியே வாங்கியிருக்கலாம். விலை பார்க்கும்போது இணைய ஏலத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது. விற்று முடிந்தவற்றின் விலைப் பட்டியலை மட்டும் வடிகட்டிப் பார்க்க வேண்டும். 2020, 2021இல் பெருந்தொற்றுக் காலத்தில் கார்டு விலைகள் தாறுமாறாக ஏறியபோது நான் பொறுமையிழந்து, தரமிட்ட (நிறுவனம் ஒன்று மதிப்பெண் போட்டு உறையிட்ட) கார்டு ஒன்றை வாங்கினேன். இரண்டே ஆண்டில் அது பாதி விலைக்கும் கீழே போயிற்று. கார்டு எனக்குப் பிடித்தது, அதை விற்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு மாதம் காத்திருந்து மூன்று விற்பனைகளைப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் இருக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால் அதுவே நல்லது. கார்டு கண்காட்சி ஒன்றில் வயதான விற்பனையாளர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: கார்டை நேராக வெளிச்சத்தில் பார்க்காமல், விளக்குக்குக் கீழே கிடைமட்டமாகப் பிடித்து, மெல்லச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒளி மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகும்; கீறலோ, அழுத்திய பள்ளமோ, அச்சுக் கோடோ இருந்தால் ஒளி அங்கே ஒரு கணம் தடுமாறும். பிறகு திருப்பி, நான்கு மூலைகளையும் பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், ஏனெனில் தேய்மானம் முன்புறத்தைவிடப் பின்புறத்தில் முன்னதாகத் தெரியும். கடைசியாக இடது வலது விளிம்புகளின் அகலத்தையும், மேல் கீழ் விளிம்புகளின் அகலத்தையும் ஒப்பிட வேண்டும். இணையத்தில் வாங்கும்போது, உறைக்குள் இல்லாமல் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றை விற்பவரிடம் கேட்கிறேன். கேட்டால் தருபவர்கள் அதிகம்.

ஜப்பானியக் கார்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இச்சிரோ சேகரிப்பைப் பற்றிப் பேச முடியாது. 'ரூக்கி கார்டு', அதாவது ஓர் ஆட்டக்காரரின் புதுமுகக் கார்டு, எது என்பதில் சேகரிப்பாளர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. அமெரிக்கக் கணக்கில் 2001 கார்டுகள்தான்: டாப்ஸ் 726, அப்பர் டெக் 271, ஆங்கிலத்திலும் ஜப்பானிய எழுத்திலும் இரு வடிவமாக வந்த போமன் குரோம் 351 போன்றவை. ஆனால் ஜப்பானின் பேஸ்பால் மேகசின் நிறுவனம், சேகரிப்பாளர் வழக்கில் பிபிஎம், 1993 தொகுப்பில் 239ஆம் எண்ணாக அவருடைய கார்டை வெளியிட்டுவிட்டது. அதில் அவர் பெயர் 'சுசுகி இச்சிரோ' என்று சீன வரிவடிவ எழுத்துகளில் முழுமையாக இருக்கும். அவருடைய மட்டை வீச்சு அப்போதைய மேலாளருக்குப் பிடிக்காமல், அவர் இரண்டாம் அணிக்கும் முதல் அணிக்கும் இடையே அலைந்த ஆண்டு அது. 1994இல் புதிதாக வந்த மேலாளர் அகிரா ஓகி, சுசுகி என்பது ஜப்பானில் மிகப் பரவலான குடும்பப் பெயர் என்பதால், சட்டையில் 'இச்சிரோ' என்று மட்டும் போட வைத்து, தொடர்ந்து ஆட விட்டார். அந்த ஆண்டே 210 ஹிட் அடித்து ஜப்பானியச் சாதனையை முறியடித்தார். எனக்குப் புதுமுகக் கார்டு என்றால் பிபிஎம் 239தான். உலகம் அவரைக் கவனிப்பதற்கு முன், முழுப் பெயரோடு நிற்கும் பத்தொன்பது வயது இளைஞர் அதில் இருக்கிறார்.

அந்தக் கார்டை வாங்க எனக்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானிய ஏலத் தளங்களில் வெளிநாட்டவருக்காக வாங்கி அனுப்பும் இடைத்தரகுச் சேவைகள் உண்டு. அவை மூலம் வாங்கும்போது கார்டின் விலையோடு சேவைக் கட்டணம், உள்நாட்டு அஞ்சல், பன்னாட்டு அஞ்சல், சுங்கம் எல்லாம் சேரும் என்பதை முதலிலேயே கூட்டிப் பார்க்க வேண்டும். நான் ஒற்றைக் கார்டாக வரவழைக்காமல், அந்தச் சேவையின் கிடங்கிலேயே ஐந்தாறு கார்டுகள் சேரும்வரை வைத்திருந்து ஒரே பொட்டலமாக வாங்குகிறேன். தின்பண்டப் பாக்கெட்டோடு 1973 முதல் கால்பி நிறுவனம் கொடுத்துவரும் கார்டுகளும் அப்படித்தான் என்னிடம் வந்தன. அவற்றின் அளவு அமெரிக்கக் கார்டின் இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்தைவிடச் சற்றுச் சிறியது. வழக்கமான பையில் போட்டால் உள்ளே ஆடி மூலை தேயும். முதலில் மெல்லிய உறையில் போட்டுப் பிறகு பையில் வைத்தால் ஆடாது.

கிரேடிங் எனப்படும் தரமிடுதலுக்கு வருகிறேன். 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் கார்டை ஆராய்ந்து, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும். மையம், மூலை, விளிம்பு, மேற்பரப்பு ஆகிய நான்கும் பார்க்கப்படும். ஒன்பதுக்கும் பத்துக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதே அரிது. விலையோ பல மடங்கு மாறும். என்னிடமிருந்த போமன் குரோம் ஜப்பானிய வடிவம் நிச்சயம் பத்து வாங்கும் என்று நம்பி அனுப்பினேன், எட்டுதான் வந்தது. திரும்பி வந்த பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தபோது, மட்டைக்குக் குறுக்கே மயிரிழையில் ஓர் அச்சுக் கோடு தெரிந்தது. அனுப்புவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை அது. இப்போது இரண்டு காரணங்களுக்கு மட்டுமே அனுப்புகிறேன்: கார்டு போலியாக இருக்கலாம் என்ற ஐயம் எழும் அளவுக்கு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும், அல்லது என் காலத்துக்குப் பிறகு என் மகள் அதை விற்க நேர்ந்தால் அவளுக்கு அதன் மதிப்பு விளங்க வேண்டும். தரமிட்ட கார்டை வாங்கும்போது உறையிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்ப்பதை ஒருபோதும் விடுவதில்லை, ஏனெனில் உறையையே போலியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கையெழுத்து விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். இணையத்தில் ஒருவர், மைதான வாசலில் தானே நேரில் வாங்கியது என்று சொல்லி விற்ற கார்டு அது. கையெழுத்துச் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். உறுதிப்படுத்த இயலாது என்று திரும்பி வந்தது. அதன் பிறகு, கார்டு நிறுவனமே கையெழுத்து வாங்கிப் பாக்கெட்டில் வைத்து, பின்புறத்தில் அதை எழுதியும் கொடுத்திருக்கும் கார்டுகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. சட்டைத் துண்டு பதித்த கார்டிலும் பின்புற வாசகத்தைப் படித்தே ஆக வேண்டும். பழையவற்றில் அந்த ஆட்டக்காரர் ஆட்டத்தில் உடுத்தியது என்று தெளிவாக இருக்கும். பிற்காலத்தவை பலவற்றில், இத்துணி குறிப்பிட்ட எந்த ஆட்டத்தையும் ஆண்டையும் சேர்ந்ததல்ல என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரியுள்ள கார்டுக்கு என் தாளில் இடமில்லை.

பாதுகாப்பில் நான் செய்த பிழைதான் எனக்கு மிகுந்த இழப்பைத் தந்தது. 2006ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வீடு மாறியபோது, பிரதிகளும் பளபளப்பான தொகுப்புக் கார்டுகளும் அடங்கிய பெட்டி ஒன்றைக் கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்தேன். சியாட்டிலின் மழைக்கால ஈரம் எத்தகையது என்று அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏப்ரலில் திறந்தபோது, அடுக்கியிருந்த கார்டுகள் செங்கல்போல ஒட்டிக்கொண்டிருந்தன. மேலேயிருந்ததை மெல்ல வளைத்தேன். 'சரக்' என்ற ஒலியோடு பிரிந்தது, ஆனால் இச்சிரோவின் முகத்தில் பாதி அடுத்த கார்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அறுபது கார்டுகளுக்கு மேல் அப்படிப் போயின. பளபளப்புப் பூச்சுள்ள கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக உறையின்றி அடுக்கவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் 'பென்னி ஸ்லீவ்' எனப்படும் மெல்லிய உறை, மதிப்புள்ளதற்கு அதன் மேல் 'டாப் லோடர்' எனப்படும் கெட்டி உறை, பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை கலக்காத தாள்கள், வெயில் படாத உள்ளறை, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம்: இவ்வளவுக்கும் ஆகிற செலவு ஒரு நல்ல கார்டின் விலைகூட இராது. உறைக்குள் கார்டைச் செருகும்போதுதான் மூலைகள் அதிகம் அடிபடுகின்றன. உறையின் வாயில் ஒரு மூலையைக் கத்தரியால் சிறிது சாய்த்து வெட்டிவிட்டால் கார்டு இடறாமல் இறங்கும். இழுப்பறையில் இருக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் ஆண்டு, தொகுப்பு, எண், வாங்கிய நாள், விலை, இருக்குமிடம் ஆகியவற்றைக் கணினிப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் நகல் என் மகளிடமும் இருக்கிறது.

2016 ஆகஸ்ட் 7 அன்று டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு மைதானத்தில், மயாமி மார்லின்ஸ் அணியின் சட்டையில், இச்சிரோ வலப்பக்கச் சுவரில் பந்தை அடித்து மூன்றாம் பேஸ்வரை ஓடித் தன் 3000ஆவது ஹிட்டை எடுத்தார். நடந்ததை உடனே அச்சிட்டு, அப்போது ஒரு நாள் மட்டும் விற்ற 'டாப்ஸ் நவ்' கார்டுகள் அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தன. நான் இரவு பதினொரு மணிக்கு மேசையில் உட்கார்ந்து ஒரு கார்டுக்குப் பதிவு செய்து பணம் கட்டினேன். 2019 மார்ச் 21இல் டோக்கியோ டோமில் அவர் கடைசியாக ஆடி, எட்டாவது இன்னிங்ஸில் களத்தைவிட்டு நடந்தபோது, சக ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவரைத் தழுவிக்கொண்டதை விடியற்காலையில் மகளோடு பார்த்தேன். அவர் இரண்டே ஆட்டம் ஆடிய அந்த ஆண்டுக்கும் ஒரு முழுத் தாள் ஒதுக்கியிருக்கிறேன். 2025இல் 394 வாக்குகளில் 393 பெற்று பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவர் தேர்வானபோது, விதியைத் தளர்த்தி இருபத்தெட்டாவது தாள் ஒன்றைச் சேர்க்கலாமா என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. சேர்க்கவில்லை. ஆடாத ஆண்டுக்குத் தாள் இல்லை என்று மகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

பிரதிகளை நான் இப்போது விற்பதில்லை, மாற்றிக்கொள்கிறேன். ஜப்பானின் கோபே நகரில் இருக்கும் சேகரிப்பாளர் ஒருவரும் நானும் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு இரண்டு பொட்டலம் அனுப்பிக்கொள்கிறோம். அவருக்கு மரைனர்ஸ் காலத்து டாப்ஸ் வேண்டும், எனக்குப் புளூவேவ் காலத்துக் கால்பி. கார்டு அனுப்பும் முறையை அவரிடமிருந்துதான் கற்றேன். உறையிட்ட கார்டை டாப் லோடரில் இறக்கி, வாயை மூடுவதற்குச் சாதாரண ஒட்டுநாடாவைப் பயன்படுத்தாமல், சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் பசை குறைந்த காகித நாடாவை ஒட்டுகிறார். இல்லாவிட்டால் பிரிக்கும்போது பசை கார்டில் இறங்கிவிடும். அதை இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, குமிழி உறையில் போடுகிறார். சென்ற ஆகஸ்டில் வந்த பொட்டலத்தில் 1997 கால்பி இரண்டு இருந்தன. பெறுபவர் நகத்தால் சுரண்ட வேண்டியிராதபடி, வழக்கம்போல ஒவ்வொரு நாடாவின் நுனியையும் அரை அங்குலம் உள்ளே மடித்து ஒட்டியிருந்தார்.